பிரவுசர் இப்படித்தான் இருந்தாக வேண்டுமா?

போன மாதம் ஒருநாள் சித்தப்பா கூப்பிட்டார். "தம்பி, என் போன்ல நெட்டு காணாமப் போச்சுப்பா. பேத்தி எதையோ அமுக்கிட்டா." இதை அவர் சொன்னது வாட்ஸ்அப் அழைப்பில். நெட் இல்லாமல் வாட்ஸ்அப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். விசாரித்தால், முகப்புத் திரையிலிருந்து குரோம் ஐகான் நகர்ந்துபோயிருந்தது. அவ்வளவுதான்.

சித்தப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. "நெட்டைத் திற", "கூகுளைத் திற", "குரோமைத் திற" என்று மூன்றையும் ஒரே அர்த்தத்தில்தான் ஊரே பேசுகிறது. பெயர்கள் இப்படிக் குழம்பிக் கிடப்பதால் பிரவுசர் என்ற பொருளே கண்ணில் படுவதில்லை. மேலே முகவரிப் பட்டை, திரும்பிப் போக ஓர் அம்புக்குறி, நடுவில் வாசிக்க மட்டும் ஒரு பக்கம், போகிற இடமெல்லாம் "குக்கீயை ஏற்கிறீர்களா?" என்ற நச்சரிப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு மாதிரி இது இயல்பு என்று நினைத்துவிட்டோம். உண்மையில் இதில் பாதி, 1990க்கும் 1995க்கும் இடையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், பெரும்பாலும் அவசரத்தில், எடுத்த முடிவுகள். ஒன்றிரண்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் உங்கள் கையில் இருப்பது வேறு பொருள்.

## முதலில் நான்கு பெயர்கள்

இணையம் என்பது ரோடு. கணினிகளை ஒன்றோடொன்று கோத்திருக்கும் கம்பிகள், அலைகள், விதிகள் எல்லாம் சேர்ந்தது. அந்த ரோட்டில் மின்னஞ்சலும் ஓடும், வாட்ஸ்அப்பும் ஓடும். சித்தப்பா பேச முடிந்ததன் மர்மம் இதுதான்.

வலை, அதாவது வெப், அதே ரோட்டில் ஓடும் இன்னொரு போக்குவரத்து. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகும்படி இணைப்புகள் வைத்த பக்கங்களின் கூட்டம். அந்தப் பக்கங்களைப் போய் வாங்கி வந்து நமக்குக் காட்டும் செயலிதான் பிரவுசர், தமிழில் உலாவி. குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி எல்லாம் உலாவிகள்.

தேடுபொறி என்பது முச்சந்தி டீக்கடைக்காரர். எந்த வீடு எங்கே என்று கேட்டால் கை காட்டுவார். கூகுள் தேடல் அந்த வகை. குரோம் 2008இல் வந்தபோது முகவரி எழுதும் பட்டையையும் தேடும் பெட்டியையும் ஒன்றாக்கிவிட்டது. வசதிதான். ஆனால் வண்டியும் வழிகாட்டியும் ஒரே ஆள் என்று நாம் நினைக்க ஆரம்பித்ததில் அந்தப் பட்டைக்குப் பங்கு உண்டு.

## அச்சகத்துக்குப் போகும் கல்யாணப் பத்திரிகை

பத்திரிகை அடிக்கக் கொடுத்த அனுபவம் உண்டா? வெள்ளைத்தாளில் நாமே எழுதிக்கொண்டு போவோம். மேலே தாத்தா பாட்டி ஆசி, நடுவில் மணமக்கள் பெயர், கீழே இடம், நேரம். ஓரத்தில் குறிப்புகள்: "இது பெரிய எழுத்து", "இது தனி வரி", "இங்கே பிள்ளையார் படம்". அச்சகக்காரர் அதைப் பார்த்துப் பளபளக்கும் அட்டையாக மாற்றித் தருவார்.

வலைப்பக்கமும் அப்படியே. பக்கங்களை வைத்திருந்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் கணினிக்குப் பெயர் சர்வர். சர்வர் நமக்கு அனுப்புவது அச்சடித்த அட்டை கிடையாது, ஓரக்குறிப்போடு கூடிய அந்த வெள்ளைத்தாள். குறிப்பு எழுதும் முறைக்கு எச்டிஎம்எல் என்று பெயர். தாளை வாங்கி, குறிப்பைப் படித்து, எழுத்தை அடுக்கி, படத்தை ஒட்டி, திரையில் தீட்டுவது முழுவதும் உங்கள் போனுக்குள் நடக்கிறது. செய்வது உலாவி.

ஆக, உலாவி நம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் அச்சகக்காரர். குறிப்பில் எதை மதிப்பது, எதை விடுவது, வேறு எங்கெல்லாம் போய்ப் பொருள் வாங்கி வருவது, யாரிடம் என்ன சொல்வது எல்லாம் அவர் கையில். அவருக்கு யார் என்ன பழக்கிவைத்தார்கள் என்பதுதான் இனி வரும் கதை.

## எழுதவும் தெரிந்த முதல் உலாவி

ஜெனீவா அருகே செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1990 கடைசியில் உலகின் முதல் உலாவியை எழுதினார். அதன் பெயரே வேர்ல்டுவைடுவெப். குழப்பம் வேண்டாமென்று பின்னால் நெக்ஸஸ் என்று மாற்றினார். நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டும் ஓடும்.

அதில் ஒரு பக்கத்தைத் திறந்து, பிழையான வரியில் கர்சரை வைத்துத் திருத்தத் தொடங்கலாம், வேர்டு கோப்பில் செய்வதுபோல. இணைப்பு போடுவது இன்னும் சுலபம். எந்தப் பக்கத்துக்கு இணைக்க வேண்டுமோ அதைத் திறந்து மெனுவில் "குறித்துவை" என்று ஒரு தட்டு. பிறகு நம் பக்கத்துக்கு வந்து, இரண்டு சொல்லைத் தேர்ந்தெடுத்து, "குறித்ததோடு இணை" என்று இன்னொரு தட்டு. எச்டிஎம்எல் என்று ஒன்று இருப்பதே பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வாசிக்கிற கருவியும் எழுதுகிற கருவியும் ஒன்றுதான் என்பது பெர்னர்ஸ்-லீயின் எண்ணம்.

பிறகு ஏன் காணாமல் போனது? சதி எதுவும் இல்லை. நெக்ஸ்ட் கணினி விலை அதிகம், வைத்திருந்தவர்கள் சொற்பம். எல்லாக் கணினியிலும் ஓடுகிற ஒன்று உடனே வேண்டும். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த நிக்கோலா பெல்லோ என்ற மாணவி லைன் மோட் உலாவி என்ற எளிய நிரலை எழுதினார். 1991இல் செர்னுக்கு வெளியே போனது அதுதான். படம் இல்லை, மவுஸ் இல்லை. ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும்; 3 என்று அடித்து என்டரைத் தட்டினால் மூன்றாவது இணைப்பு திறக்கும். எந்தப் பழைய டெர்மினலிலும் ஓடியது, எழுதும் வசதிக்கு அதில் இடமில்லை. வெளியுலகம் வலையைப் பார்த்த முதல் முகம் வாசிக்க மட்டும் ஆனது.

வேறு வாய்ப்புகளும் வந்தன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 1992இல் எர்வைஸ் என்ற வரைகலை உலாவியைச் செய்தார்கள். அவர்கள் படிப்பு முடித்துக் கலைந்தபின் பெர்னர்ஸ்-லீ அதைத் தொடர நினைத்தாராம். நிரல் விளக்கமெல்லாம் பின்லாந்து மொழியில் இருந்ததால் கைவிட வேண்டியதாயிற்று. அதே 1992இல் பெய்-யுவான் வெய் எழுதிய வயோலா, பக்கத்துக்குள் சிறு நிரல்களை ஓடவிடும் அளவுக்கு முன்னேறியிருந்தது. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்து எல்லோரையும் ஓரங்கட்டியது. நிறுவுவது எளிது, பார்க்க அழகு. அதிலும் பக்கத்தைத் திருத்தும் வசதி கிடையாது.

உலாவிக்குள்ளேயே எழுதுகோல் இருந்திருந்தால்? விக்கி, வலைப்பதிவு, முகநூல் பதிவுப்பெட்டி எல்லாம் தொலைந்த அந்த எழுதுகோலுக்கு மாற்றாக, சர்வர் பக்கத்திலிருந்து போடப்பட்ட ஒட்டு என்றே நான் பார்க்கிறேன். வித்தியாசம் இதுதான்: எழுதுகோல் இப்போது நம் உலாவியில் இல்லை, ஏதோ ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இருக்கிறது. அதற்காகப் பழசை நினைத்து உருகவும் வேண்டாம். முதல் உலாவியே, எழுத அனுமதி உள்ள கோப்புகளில்தான் சேமித்தது. சாதாரண ஆளுக்குச் சொந்தமாக சர்வர் இடம் கொடுப்பது யார், கண்டவன் வந்து கிறுக்கினால் தடுப்பது யார் என்ற கேள்விகள் அப்படியே நின்றிருக்கும்.

ஒரு தடயம் மட்டும் மிச்சம். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் மரபுக்கு எச்டிடிபி என்று பெயர். அதில் "கெட்" என்றால் கொடு, "புட்" என்றால் இதை வாங்கி வை. முகவரிப் பட்டையில் எதை அடித்தாலும் உலாவி சொல்வது கெட் மட்டுமே. புட் விதிப்புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. நிரலாளர்கள் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

## பிள்ளையார் படம் வாங்கப் போன பையன்

முதல் உலாவியில் படம் பக்கத்துக்குள் வராது. இணைப்பைத் தட்டினால் தனிச் சாளரத்தில் திறக்கும். 1993 பிப்ரவரி 25 அன்று மொசைக்கை எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள்ளேயே படம் வைக்க ஐஎம்ஜி என்று ஒரு குறிப்பை முன்மொழிந்தார். படத்துக்கு மட்டும் எதற்கு, எந்தக் கோப்பையும் பொதிக்கும் பொதுவழி ஒன்று செய்யலாமே என்று மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். விவாதம் முடிவதற்குள் மொசைக் ஐஎம்ஜியோடு வெளியே போய்விட்டது. வலை வரலாற்றில் வென்றது பெரும்பாலும் முதலில் கடைக்கு வந்த சரக்குதான்.

இதில் யாரும் அதிகம் யோசிக்காத ஒரு விஷயம், படம் எந்த சர்வரிலும் இருக்கலாம் என்பது. மீண்டும் அச்சகத்துக்கு வாருங்கள். தாளில் "பிள்ளையார் படம், சிவகாசியில் இன்ன கடையில் வாங்கவும்" என்று எழுதியிருக்கிறது. அச்சகக்காரர் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பையனைச் சிவகாசிக்கு அனுப்புகிறார். இன்ன வீட்டுப் பத்திரிகைக்கு ஆள் வந்தது என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் அந்தக் கடையை வாழ்நாளில் பார்த்ததில்லை.

1993இல் இது பெரிய விஷயமில்லை. வந்த பையன் யார் வீட்டுப் பையன் என்று அடுத்த முறை நினைவு வைத்துக்கொள்ளக் கடைக்காரரிடம் நல்ல வழி இல்லை. அந்த வழி அடுத்த ஆண்டே வந்தது.

## செருப்பு டோக்கன்

எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்பீர்கள், கொடுக்கும், மறந்துவிடும். அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால் "நீங்க யாரு?" வாசிக்க மட்டுமான வலைக்கு இது போதும். கடை வைக்க முடியாது. கூடையில் சோப்பைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி.

நெட்ஸ்கேப் என்ற உலாவியைச் செய்த நிறுவனத்தில் இருந்த லூ மான்டூலி 1994இல் இதற்குக் கண்ட தீர்வுதான் குக்கீ. கோயில் வாசலில் செருப்பு விடுகிறோமே, அதே ஏற்பாடு. கொடுப்பவர் நம் முகத்தை நினைவு வைப்பதில்லை, ஒரு டோக்கனை நம்மிடம் கொடுக்கிறார். திரும்பி வரும்போது டோக்கனைக் காட்டினால் 47ஆம் நம்பர் செருப்பு வருகிறது. சர்வர் ஒரு சிறு எழுத்துத்துண்டை உலாவியிடம் கொடுக்கும். அடுத்தமுறை அதே சர்வருக்குப் போகும்போது உலாவி தானாக அதைக் காட்டும். குக்கீ என்றால் அவ்வளவுதான். அது வைரஸ் கிடையாது, நிரலும் கிடையாது, உங்கள் போனுக்குள் நுழைந்து எதையும் தேடாது. ஒரு தளம் கொடுத்த டோக்கனை இன்னொரு தளத்துக்கு உலாவி காட்டவும் காட்டாது. மான்டூலி இந்த வேலியைக் கவனமாகவே போட்டார்.

வேலியைத் தாண்டிய வழி ஐஎம்ஜி. பத்திரிகைத் தளத்தில் ஒரு விளம்பரப் படம், புடவைக்கடைத் தளத்தில் ஒரு விளம்பரப் படம், மருத்துவக் குறிப்புத் தளத்தில் ஒன்று. மூன்றும் வருவது ஒரே விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து. படம் வாங்கப் போகும் பையன் கையில் அந்த நிறுவனம் ஒரு டோக்கனைத் திணிக்கிறது. மறுநாள் வேறு தளத்திலிருந்து போனாலும் அதே டோக்கனைக் காட்டுகிறான். இதற்கு மூன்றாம் தரப்பு குக்கீ என்று பெயர். காலையில் புடவை, மதியம் முழங்கால்வலி, இரவு அந்த முழங்கால் தைலத்துக்கே விளம்பரம். "போன் நாம பேசுறத ஒட்டுக்கேக்குது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் விளக்குவது இந்தப் பையனின் கதையைத்தான்.

ஐஎம்ஜி தனியாக வந்திருந்தால் ஆபத்து குறைவு. குக்கீ தனியாக வந்திருந்தால் வெறும் கூடை. இரண்டும் ஒரே அச்சகக்காரர் கையில் சேர்ந்ததும் உளவு பார்க்கும் தொழில் ஒன்று முளைத்தது. யாரும் அதற்காகத் திட்டமிடவில்லை.

மாற்றுவழி காகிதத்திலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1997 பிப்ரவரியில் வெளியான குக்கீ விதிமுறை, மூன்றாம் தரப்பு குக்கீயை உலாவி தானாக ஏற்கக் கூடாது என்றே சொன்னது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அதே மான்டூலி. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் அந்த வரியைப் பின்பற்றவில்லை. பயர்பாக்ஸ் 2019இல் கண்காணிப்புக் குக்கீகளைத் தானாகத் தடுக்க ஆரம்பித்தது. சஃபாரி 2020இல் மூன்றாம் தரப்புக் கதவை முழுசாகச் சாத்தியது. குரோமும் சாத்தப்போகிறேன் என்று 2020இல் அறிவித்தது. நாள் தள்ளித் தள்ளி, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

## வில்லங்கச் சான்றிதழ் இல்லாத இணைப்பு

வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. நான் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்தை அழித்தால் எனக்குத் தெரியாது. என் வாசகருக்கு 404 என்ற பிழைதான் காத்திருக்கும். டெட் நெல்சன் என்ற அமெரிக்கர் 1960இலிருந்து கனவு கண்ட சனாடு என்ற அமைப்பில் இணைப்பு இருவழி. பத்திரப்பதிவு அலுவலகம் மாதிரி: கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பெயரும் பதிவாகும், வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் யார் யார் இதைத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அப்படி ஓர் உலாவி இருந்தால் பக்கத்தின் ஓரத்திலேயே "இதை மேற்கோள் காட்டியவர்கள்" என்று ஒரு பட்டியல் ஓடும்.

1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த மீயுரை (இணைப்புகளால் கோத்த எழுத்து) மாநாடு, வலையைப் பற்றிய பெர்னர்ஸ்-லீயின் கட்டுரையை ஏற்கவில்லை. செய்துகாட்ட மட்டும் இடம் கொடுத்தது. அறுந்துபோகும் இணைப்பு அந்தத் துறைக்காரர்கள் பலருக்குக் குறையாகத்தான் பட்டது. ஆனால் பதிவு அலுவலகம் வேண்டாம் என்பதால்தான் யார் வேண்டுமானாலும், யாரிடமும் கேட்காமல், ஒரு பக்கம் போட முடிந்தது. இந்த ஒரு முடிவில் மட்டும் நான் ஜெனீவா பக்கம்.

## ஜெனீவாவில் இல்லாத எழுத்து

கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். ஆரம்பகால எச்டிஎம்எல் எடுத்துக்கொண்ட அட்டவணையில் மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் மட்டுமே. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் 1991இலேயே தமிழையும் சேர்த்து வெளிவந்துவிட்டது. எச்டிஎம்எல் அதை அடித்தளமாக எடுத்துக்கொள்ள 1997 ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் தமிழ்த் தளங்கள் ஒரு தந்திரம் செய்தன. லத்தீன் எழுத்தின் எண்ணையே அனுப்பி, அந்த எண்ணுக்குத் தமிழ் உருவம் வரைந்த எழுத்துருவை வாசகர் இறக்கிக்கொள்ள வேண்டும் என்றன. தளத்துக்கு ஒரு எழுத்துரு. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துவிட்டு, தலைப்புச் செய்திக்குப் பதில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து முழித்தவர்களுக்கு இது புரியும். இதற்காகச் செர்னைத் திட்டவும் முடியாது. முதல் உலாவி எழுதப்பட்டபோது யூனிகோடே அச்சில் வரவில்லை. யூனிகோட் ஓரிரு வருடம் முந்தியோ, உலாவி பிந்தியோ பிறந்திருந்தால், டிஸ்கி, டேப், டேம் என்று குறியாக்கங்களைக் கட்டி மேய்த்த வேலையில் பெரும்பகுதி தமிழ்க் கணிமைக்காரர்களுக்கு இல்லாமலே போயிருக்கும்.

## இப்போது மாற்றினால் என்ன?

முடியாது என்பதற்குக் காரணம் அச்சகக்காரரின் நல்ல குணம். தாளில் "இங்கிருந்து தடித்த எழுத்து" என்று எழுதிவிட்டு எங்கே முடிகிறது என்று சொல்ல மறந்தாலும் அவர் கோபிக்க மாட்டார். தானே ஊகித்து அடித்துக் கொடுப்பார். உலாவிகள் முதல் நாளிலிருந்தே இப்படி. அதனால் கோடிக்கணக்கான பக்கங்கள் பிழையோடு எழுதப்பட்டு, ஊகத்தின் புண்ணியத்தில் ஓடுகின்றன. பிழை இருந்தால் பக்கத்தையே காட்டாத கறாரான எச்டிஎம்எல்லை 2000 வாக்கில் கொண்டுவரப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அதன் இரண்டாம் பதிப்பு வேலை 2009இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த எச்டிஎம்எல்5, பிழையை எப்படி ஊகிக்க வேண்டும் என்பதையே விதியாக எழுதிவைத்தது. பழைய பக்கம் உடையக் கூடாது என்பதுதான் உலாவி உலகின் எழுதப்படாத சத்தியம்.

அந்தச் சத்தியத்தின் உச்சக்கட்டக் கூத்து ஒன்று. உலாவி ஒவ்வொரு தளத்துக்குள் நுழையும்போதும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். நெட்ஸ்கேப் தன்னை "மொசில்லா" என்று சொல்லிக்கொண்டது, அது அதன் உள்வட்டப் பெயர். சில தளங்கள் மொசில்லா என்றால் மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் மைக்ரோசாப்டின் எக்ஸ்ப்ளோரரும் தன்னை மொசில்லா என்றது. பின்னால் வந்த கேஎச்டிஎம்எல் என்ற பக்கம் தீட்டும் நிரல், மொசில்லாவின் அதே வகை நிரலான கெக்கோவைச் சுட்டி, "நான் கெக்கோ மாதிரி" என்று சேர்த்தது. அதிலிருந்து ஆப்பிள்வெப்கிட், சஃபாரி. அதிலிருந்து குரோம். யாரும் பழைய பெயரை எடுக்கத் துணியவில்லை, எங்கோ ஒரு பழைய தளம் உடைந்துவிடுமோ என்ற பயம். இன்று சித்தப்பாவின் போனில் உள்ள குரோம் ஒவ்வொரு வாசலிலும் மூச்சுவிடாமல் சொல்வது: மொசில்லா 5.0, ஆப்பிள்வெப்கிட், கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி.

ஐகானைத் தேடி மறுபடி முகப்பில் வைக்க அவருக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். திறந்துவிட்டார். ஏதோ அடிக்கிற சத்தம் கேட்டது. "என்ன சித்தப்பா அடிக்கிறீங்க?" என்றேன்.

"கூகுள்னுதான்" என்றார்.